டபிள்யூ123-ல் 17 இன்ச் வீல்: ஒடித்துத் திருப்பினால் உரசல், 85-ல் நடுக்கம்

நீலாங்கரை240:

வணக்கம். வண்டி 1983 மெர்சிடிஸ் 240டி, டபிள்யூ123 பாடி. முன்பு இருந்தது 14 இன்ச் அலாய், 6ஜே (ரிம் அகலம் 6 இன்ச்), ஈடி30 (ஆஃப்செட் 30 மி.மீ.), டயர் 195/70 ஆர்14. இப்போது நான்கு பக்கமும் லோயரிங் ஸ்பிரிங், 35 மி.மீ. இறக்கம். வீல் புதுப்பேட்டையில் எடுத்த டபிள்யூ204 சி கிளாஸ் அலாய். ஸ்போக்கின் பின்பக்க முத்திரை 7½ஜே × 17 எச்2 ஈடி47. டயர் புதியது, 215/45 ஆர்17, லோடு இண்டெக்ஸ் 87.

பிசிடி, அதாவது போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமையும் வட்டத்தின் விட்டமும், 5×112; நடுத்துளை 66.6. பழையதுக்கும் புதியதுக்கும் இதில் வித்தியாசமே இல்லை. ஆனால் மாட்டிய பிறகு:

முன்பக்கம் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் இரண்டு பக்கமும் உள்ளே உரசுகிறது. கடைக்காரர் 5 மி.மீ. ஸ்பேசர் தட்டு நான்கு வீலுக்கும் போட்டுக் கொடுத்தார். உரசல் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஓஎம்ஆர் சாலையில் 80 கி.மீ. வேகம் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்குகிறது, 85-ல் உச்சம். இரண்டு முறை பேலன்ஸ் பண்ணியாகிவிட்டது. பின்சீட்டில் மூன்று பேர் இருந்தால் வேகத்தடையில் பின்னாலிருந்து ‘கர்’ என்று ஒரு சத்தம். ஃபெண்டர் லிப்பை (வீல் ஆர்ச்சின் உள்நோக்கி மடிந்த விளிம்பு) மடக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள், சனிக்கிழமை அதற்கு வண்டியை விடச் சொல்லியிருக்கிறார்கள். மடக்கலாமா? போல்ட் பழைய வண்டியின் போல்ட்தான்.

ஈடி_முப்பது:

சனிக்கிழமை வண்டியை விடாதீங்க. உங்கள் கணக்குப்படி பின்பக்கம் லிப்பில் உரசவே வாய்ப்பில்லை.

ஈடி என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, வீல் ஹப்பில் (வீல் இறுகும் அச்சுத் தலை) படியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே தள்ளியிருக்கிறது என்ற அளவு. ஈடி கூடக்கூட வீல் வண்டிக்கு உள்ளே போகும். அதனால் டயரின் வெளிச்சுவர் ஹப் முகத்திலிருந்து எவ்வளவு வெளியே என்று பார்க்க, டயர் அகலத்தில் பாதியை எடுத்து ஈடியைக் கழிக்கணும். உள்சுவருக்கு ஈடியைக் கூட்டணும். 195/70 டயர் 6ஜே ரிம்மில் ஏறக்குறைய 201 மி.மீ. இருக்கும். 215/45 டயர் 7½ஜே-யில் சுமார் 218.

பழையது: வெளியே 100.5 கழித்தல் 30, அதாவது 70.5. உள்ளே 130.5.
இப்போது, 5 மி.மீ. தட்டோடு ஈடி42: வெளியே 109 கழித்தல் 42, அதாவது 67. உள்ளே 151.

கவனிச்சீங்களா? புது டயரின் வெளிச்சுவர் பழையதைவிட 3.5 மி.மீ. உள்ளேதான் நிற்குது. உள்சுவர் 20 மி.மீ.க்கு மேல் உள்ளே போயிருக்கு. டயர் உயரமும் கூடவில்லை, 629 மி.மீ. இருந்தது 625 ஆகியிருக்கு. ஆகவே பின்னால் கேட்கும் சத்தம் உள்பக்கம்தான். ட்ரெயிலிங் ஆர்ம் (பின்வீலைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) பக்கமோ உள் தகடோ, இரண்டில் ஒன்று. பின்வீலைக் கழற்றி உள்சுவரைப் பாருங்க, பளபளன்னு ஒரு வளையம் தேய்ந்திருக்கும். பிரேக் ஹோஸையும் கையோடு பாருங்க. அதில் தேய்மானம் இருந்தால் வண்டியை அப்படியே நிறுத்திடுங்க.

இரண்டு சந்தேகம். பேலன்ஸ் போடும்போது மெஷினில் கூம்பைப் பின்பக்கமிருந்து நடுத்துளையில் மாட்டினாங்களா? அந்த 5 மி.மீ. தட்டில் ஹப்பைப் பிடிக்கும் லிப் இருக்கா, வெறும் தட்டையா?

லேத்மேசை:

நடுக்கத்துக்குக் காரணம் பேலன்ஸே இல்லை சார், போல்ட்.

டபிள்யூ123-க்கு எம்12×1.5 போல்ட் (12 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1.5 மி.மீ.). தலைக்குக் கீழ் உருண்டையாக இருக்கும் இருக்கை, ஆரம் 12 மி.மீ. டபிள்யூ204-க்கு எம்14×1.5, உருண்டையின் ஆரம் 14. நீங்க போட்டிருப்பது சின்ன உருண்டையைப் பெரிய கிண்ணத்தில் வைத்த மாதிரி. கிண்ணம் முழுக்கப் படியாது, அடியில் துளை விளிம்பில் நூல் மாதிரி ஒரு வளையத்தில் மட்டும் உட்காரும். அலுமினியம் அந்த இடத்தில் நசுங்கும், டார்க் (போல்ட்டை முறுக்கிய இறுக்கம்) தானாக இறங்கும். துளையும் 14 மி.மீ. போல்ட்டுக்கானது, 12 மி.மீ. தண்டு அதில் ஆடும்.

சாதாரணமாக ஹப் லிப்பாவது வீலை நடுவில் பிடிக்கும். தட்டை ஸ்பேசர் அந்த லிப்பில் 5 மி.மீ.யைத் தின்னுடுச்சு. ரிம்மின் நடுத்துளை விளிம்பு உள்பக்கம் சரிவாகச் சீவியிருக்கும், அதில் இன்னும் கொஞ்சம் போயிடும். மிச்சம் இருக்கும் லிப் வீலைப் பிடிக்குதோ இல்லையோ. ஆக, வீலை நடுவில் நிறுத்த லிப்பும் இல்லை, போல்ட்டும் இல்லை. மாட்டும்போது எந்தப் பக்கம் தொங்குச்சோ அப்படியே முறுக்கியிருப்பாங்க. பேலன்ஸ் மெஷினில் வீல் நடுவில் சுற்றும், வண்டியில் சுற்றாது. பத்து தடவை பேலன்ஸ் போட்டாலும் இதேதான்.

சோதிக்கிறது சுலபம். ஒரு போல்ட்டின் உருண்டையில் பிரஷ்யன் புளூ (படிமானம் பார்க்கும் நீல மை) தடவுங்க, இல்லாட்டி பர்மனென்ட் மார்க்கர் போதும். 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கிக் கழற்றிப் பாருங்க. சரியான போல்ட்டில் அகலமான பட்டையாக மை அழிஞ்சிருக்கும். உங்களுடையதில் மெல்லிய கோடுதான் இருக்கும்னு பந்தயம்.

அதுவரை இந்த வீலோடு ஓஎம்ஆர் பக்கமே போகாதீங்க. பழைய 14 இன்ச் இருந்தால் அதை மாட்டிக்கோங்க.

நீலாங்கரை240:

நீங்கள் சொன்னபடியே. பின்வீல் இரண்டிலும் உள்சுவரில் ஒரு விரல் அகலத்துக்குப் பளபளப்பான வளையம். ட்ரெயிலிங் ஆர்மில் அதே உயரத்தில் பெயிண்ட் போயிருக்கிறது. பிரேக் ஹோஸ் நன்றாக இருக்கிறது. ஸ்பேசர் தட்டையானதுதான், லிப் இல்லை. மார்க்கர் சோதனையில் ஊசி நூல் போல ஒரே ஒரு கோடு. ஒரு வீலின் துளை ஓரத்தில் அலுமினியம் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, நகத்தில் தட்டுப்படுகிறது.

14 இன்ச்சை மாட்டிவிட்டேன், நடுக்கம் இல்லை. 17-ஐ வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா, அல்லது விற்றுவிட வேண்டுமா?

லேத்மேசை:

வழி இருக்கு. ஒரே பொருளில் இரண்டு தொல்லையும் தீரும்: 20 மி.மீ. தடிமனில் போல்ட் போட்டு இறுக்கும் அடாப்டர். ஹப் பக்கம் 66.6 துளை, எம்12×1.5 போல்ட்டுக்கான குழிகள். வீல் பக்கம் 66.6 லிப், எம்14×1.5 மரை. இரண்டு பக்கமும் 5×112-தான், 36 டிகிரி திருப்பி இடையிடையே வரும். அடாப்டர் ஹப்பில் இறுகும், வீல் அடாப்டரில் இறுகும். டபிள்யூ204-க்கு உரிய உருண்டை போல்ட்டையே போடலாம், கிண்ணம் முழுசாகப் படியும்.

47-ல் 20 போனால் ஈடி27. வண்டி ஃபேக்டரியிலிருந்து வந்தப்ப இருந்த 30-க்குப் பக்கத்தில். பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் புதுச் சுமை எதுவும் இல்லை. ‘ஸ்பேசர் போட்டால் பேரிங் போயிடும்’ என்று எல்லாரும் சொல்வாங்க. அது இறுதி ஈடி எங்கே நிற்குது என்பதைப் பொறுத்தது.

தடுக்கி விழும் இடங்களைச் சொல்றேன்.

முதலில், 20-க்குக் கீழே இந்த வகை வேண்டாம். ஹப் போல்ட்டின் தலை அடாப்டர் முகத்துக்குள் முழுசாக அமுங்கணும். மாட்டியதும் ஸ்டீல் ஸ்கேலை விளிம்பு வைத்து முகத்தின் மேல் இழுத்துப் பாருங்க, ஒரு தலைகூடத் தட்டக் கூடாது.

அடுத்தது எல்லாரும் கோட்டைவிடும் இடம். வீலைத் தரையில் கவிழ்த்து எம்14 போல்ட்டைத் துளையில் விடுங்க. பின்பக்கம் எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்குன்னு வெர்னியரில் அளங்க. 14 மி.மீ.க்குக் குறைந்தால் மரை பிடிமானம் போதாது. 19-ஐத் தாண்டினால் போல்ட் முனை அடாப்டரைக் கடந்து ஹப் முகத்தில் முட்டி நின்னுடும். அப்போ டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ சொல்லும், வீல் இறுகியிருக்காது. நீளம் கூடினால் குட்டையான போல்ட் வாங்குங்க. வேறு வழியே இல்லாட்டி நுனியை லேத்தில் சீவி முதல் மரையை ஃபைல் போட்டுச் சரி பண்ணலாம். கிரைண்டரில் வெட்டாதீங்க, சூட்டில் கடினம் போயிடும்.

ஹப் பக்கத்துப் போல்ட் நீளமும் அப்படித்தான். பின் டிஸ்க்குக்குள்ளே ஹேண்ட்பிரேக் ஷூ இருக்கு. போல்ட் நீண்டால் அந்த ஷூவில் அல்லது அதன் ஸ்பிரிங்கில் இடிக்கும். இறுக்கினதும் வீலைக் கையால் ஒரு முழுச் சுற்று விடுங்க, ‘கடக் கடக்’ கேட்டால் நீளம்னு அர்த்தம்.

பொருளைப் பற்றி: 6061-டி6 அலுமினிய பில்லட்டில் (முழுக் கட்டியில்) கடைந்தது, இல்லை ஃபோர்ஜ் பண்ணியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நல்ல சிஎன்சி பட்டறை இருக்கு, ஆனால் கட்டி எங்கிருந்து வந்ததுன்னு மில் சர்டிபிகேட் கேட்டு வாங்குங்க. பழைய அலுமினியத்தை உருக்கி வார்த்த கட்டியில் கடைந்தால் பார்க்கப் பளபளன்னு இருக்கும், ஓட்டத்தில் விரிசல் விடும். எம்14 மரையில் ஸ்டீல் புஷ் போட்டதாக இருந்தால் உத்தமம், கழற்றி மாட்டும்போது அலுமினிய மரை தேயாது. இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக, 0.05 மி.மீ.க்குள் இருக்கணும்.

பிதுங்கியிருக்கும் அந்த ஒரு வீல்: பிதுக்கம் கிண்ணத்துக்குள் போயிருந்தால் அந்த வீலை ஒதுக்கிடுங்க. ஓரத்தில் மட்டும்தான்னா எம்14 போல்ட்டில் மை தடவிப் பாருங்க, முழுப்பட்டை விழுந்தால் தப்பிச்சீங்க.

ஈடி_முப்பது:

இப்போதுதான் ஃபெண்டர் லிப் கேள்விக்கு வேலை வருது. ஈடி27 ஆனால் டயரின் உள்சுவர் 136, பழையதைவிட 5.5 மட்டும் கூடுதல். ட்ரெயிலிங் ஆர்மில் இடிக்காது. வெளிச்சுவர் 82, பழையதைவிட 11.5 வெளியே. வண்டி 35 இறங்கியும் இருக்கு. ஆக, பின் லிப்பில் உரச இனிமேல்தான் வாய்ப்பு.

ஊகத்தில் மடக்காதீங்க, அளந்து பாருங்க. அடாப்டர் மாட்டி, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை லிப்பின் அடியில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒட்டுங்க. டிக்கியில் 50 கிலோ சிமெண்ட் மூட்டை இரண்டு, பின்சீட்டில் மூன்று பேர். தெருவில் ஒரு வேகத்தடையை மெதுவாகக் குறுக்குவாட்டில் ஏறி இறங்குங்க, ஒரு பக்க வீல் மட்டும் ஏறுகிற மாதிரி. களிமண்ணில் மிச்சம் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் லிப்பைத் தொடவே வேண்டாம்.

மடக்கித்தான் ஆகணும் என்றால் முதலில் ஆர்ச்சைச் சுற்றி காந்தம் வைத்துப் பாருங்க. நாற்பது வருஷ வண்டி, கடற்கரைக் காற்று வேறு. பின் ஆர்ச்சில் பட்டி பார்த்திருக்காத வண்டி அபூர்வம். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாக இருக்கு, மடக்கினால் அப்படியே தகடாகப் பெயர்ந்து வரும். ஒட்டினால் ஹீட் கன் வைத்துப் பெயிண்ட்டைச் சூடாக்கி, ஹப்பில் மாட்டும் ரோலரால் மூன்று நாலு நடையில் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கணும். ஒரே நடையில் அழுத்தினால் ஆர்ச் வெளிப்பக்கம் அலை அலையாக வீங்கும். லிப்பை வெட்டி எடுக்கச் சொன்னால் கேட்காதீங்க. வெளித் தகடும் உள் தகடும் அங்கேதான் ஸ்பாட் வெல்டில் சேர்ந்திருக்கு. மடக்கியதும் உள்பக்கம் சீம் சீலர், அதன்மேல் அண்டர்கோட். இல்லாட்டி ஒரு ஐப்பசி மழையில் மடிப்புக்குள் தண்ணீர் நின்று துரு ஏறிடும்.

மடக்குவதைவிட எனக்குப் பிடித்தது பின் ஸ்பிரிங்கின் ரப்பர் பேடை மாற்றுவது. அதில் குமிழ் குமிழாகப் புள்ளி இருக்கும், புள்ளி கூடக்கூடத் தடிமன் கூடும், ஒரு படிக்குச் சுமார் 5 மி.மீ. ஒரு படி ஏற்றினாலே பல வண்டியில் உரசல் நின்றுவிடும். முன்பக்கம் பேட் மாற்ற ஆசைப்பட்டால் உள்ளே விட்டு இறுக்கும் ஸ்பிரிங் கம்ப்ரெசர் இல்லாமல் கை வைக்காதீங்க. இரண்டு கொக்கி போட்டு வெளியிலிருந்து இறுக்கும் சாதாரண கம்ப்ரெசர் அங்கே நழுவும், நழுவினால் கை இருக்காது.

உயரத்தை முடிவு பண்ணிய பிறகுதான் அலைன்மெண்ட். இறக்கினால் பின்வீல் மேல்பக்கம் உள்ளே சாய்வது இந்த ட்ரெயிலிங் ஆர்ம் அமைப்பின் குணம். பின்னால் இந்தச் சாய்வை (கேம்பர்) திருத்த ஃபேக்டரி வழி இல்லை. பின் டயரின் உள்ஓரம் சீக்கிரம் தேயும், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆழம் பார்த்து ரிம்மில் திருப்பி மாட்டுங்க. டைரக்‌ஷனல் டயர் ஒரே திசையில்தான் சுற்றணும், அதை அதே பக்கத்தில் அப்படித் திருப்ப முடியாது, அதையும் பார்த்துக்கோங்க.

வேளச்சேரி_டயர்:

யாரும் 87-ஐப் பற்றிப் பேசவில்லையே. லோடு இண்டெக்ஸ் 87 என்றால் ஒரு டயருக்கு 545 கிலோ. பழைய 195/70 ஆர்14 வழக்கமாக 91, அதாவது 615 கிலோ. குடும்பத்தோடு லக்கேஜ் ஏற்றிப் புதுச்சேரி போகிற டீசல் பென்சுக்கு ஒவ்வொரு டயரிலும் 70 கிலோ தாங்குதிறனைக் குறைத்திருக்கிறீர்கள். 215/45 ஆர்17-லேயே 91 எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கான வகை) கிடைக்கும். அதை மாற்றுங்கள், காற்று 35-36 பிஎஸ்ஐ. எக்ஸ்எல் டயர் தன் முழுச் சுமையைத் தாங்க 42 பிஎஸ்ஐ கேட்கும். ஆகவே பழைய புத்தகத்தில் உள்ள அழுத்தத்தை அப்படியே வைத்தால் பக்கச்சுவர் தளர்ந்து சூடாகும்.

225/45 ஆர்17-ல் 91 சாதாரண டயரிலேயே வரும், உயரம் 634. ஆனால் அகலத்தில் பக்கத்துக்கு இன்னும் மூன்றரை மி.மீ. போகும், பின் லிப் கணக்கை மறுபடி போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். பழைய டயரின் பக்கச்சுவர் 136 மி.மீ., இப்போது 97. மெட்ரோ வேலைக்காகத் தோண்டி இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கும் சாலைகளில் ரிம் வளைய அதுவே போதும். பார்க்க நல்லா இருக்கிறது என்பதைத் தவிர 17-க்கு இந்த வண்டியில் காரணம் கிடையாது. டபிள்யூ203 சி கிளாஸின் 15 இன்ச் வீல் 6ஜே, ஈடி31, போல்ட் எம்12. 195/65 ஆர்15 போட்டால் உயரம் 634.5, உள்ளே 1 மி.மீ. கூடுதல், வெளியே 1 மி.மீ. குறைவு. ஸ்பேசர், மடக்கல் எதுவும் வேண்டாம். அந்த டயர் சென்னையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். 195/70 ஆர்14-க்கு அலைய வேண்டியிருக்கிறது. அதே வண்டியின் 16 இன்ச் 7ஜே ஈடி37. 205/55 ஆர்16-ஓடு பார்த்தால் உள்சுவர் 16 மி.மீ. உள்ளே போகும், அதற்கு லிப் வைத்த ஸ்பேசர் தேவைப்படலாம்.

கொரட்டூர்பென்ஸ்:

இடையில் ஒரு கேள்வி. ஸ்கோடா ஆக்டேவியா 16 இன்ச் அலாயும் 5×112-தானே, விலையும் குறைவு. டபிள்யூ123-ல் மாட்டலாமா?

லேத்மேசை:

அப்படியே மாட்டாது. அதன் நடுத்துளை 57.1, உங்க ஹப் லிப் 66.6. லிப்பின் மேலேயே நின்னுடும். துளையை 66.6-க்குக் கடையலாம், பக்கத்துக்கு 4.75 மி.மீ. போகும். பின்பக்கம் போல்ட் கிண்ணத்துக்கும் புதுத் துளைக்கும் நடுவில் எவ்வளவு உலோகம் மிச்சம்னு முதலில் அளக்கணும். பல அலாயில் அந்த இடத்தைப் பின்னாலிருந்து குடைஞ்சு விட்டிருப்பாங்க. உருண்டையும் வேறு, அதுக்கு ஆரம் 13, போல்ட் எம்14. இத்தனையும் செய்கிற செலவில் டபிள்யூ203 வீலே வந்துடும்.

நீலாங்கரை240:

வேளச்சேரி சார், கோபம் எதற்கு, 15 இன்ச் யோசனை மனதில் இருக்கிறது. இப்போதைக்கு அடாப்டர் சொல்லியாகிவிட்டது, 91 எக்ஸ்எல் டயரும். போல்ட் அளந்தேன்: பின்பக்கம் 21.5 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் குட்டை போல்ட்தானே? டார்க் எவ்வளவு? மாட்டும் வரிசையும் சொன்னால் நல்லது.

லேத்மேசை:

ஆமா, 21.5 முட்டும். தண்டு 4 மி.மீ. குறைந்த போல்ட் போட்டால் 17.5 பிடிமானம், சரியா இருக்கும். உருண்டை ஆரம் 14 என்று தலையில் பார்த்து வாங்குங்க, கூம்புத் தலையைக் கொடுத்து அனுப்பிடுவாங்க.

ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் துரு இல்லாமல் துடைங்க. டிஸ்க்கைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ தலை துருத்திக்கிட்டு இருக்கான்னு விரலால் தடவிப் பாருங்க, இருந்தால் அடாப்டர் சாய்ந்து உட்காரும். ஹப் லிப்பில் மட்டும் லேசாக காப்பர் கிரீஸ். முகத்திலும் உருண்டையிலும் மரையிலும் எண்ணெய் கூடாது. அடாப்டரின் எம்12 போல்ட்டை நட்சத்திர வரிசையில் 50-க்கும், பிறகு 110 நியூட்டன் மீட்டருக்கும் இறுக்குங்க. வீலை மாட்டும் முன் டயல் கேஜ் வைத்து அடாப்டர் முகத்தைச் சுற்றிப் பாருங்க, 0.1-ஐத் தாண்டினால் கழற்றி மறுபடி துடைங்க. பிறகு வீல், வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே நட்சத்திர வரிசையில் பாதி இறுக்கம். தரையில் இறக்கி முழு டார்க். எம்14-க்கு மெர்சிடிஸ் சொல்வது 130, ஆனால் அடாப்டர் செய்தவர் அதைவிடக் குறைத்துச் சொன்னால் அவர் சொல்வதுதான். ஏர் கன் பக்கமே போகாதீங்க.

50 கிலோமீட்டர் ஓட்டி வீலைக் கழற்றி, உள்ளே இருக்கும் அடாப்டர் போல்ட்டைத்தான் முதலில் டார்க் பாருங்க. எல்லாரும் வெளியே தெரியும் ஐந்தை மட்டும் இறுக்கிட்டு விட்டுடுறாங்க. 500-ல் இன்னொரு முறை. அப்புறம் டயர் கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும். பஞ்சர் ஒட்டுகிற பையனிடம், வீலைக் கழற்றினால் உள்ளே இன்னும் ஐந்து போல்ட் இருக்குன்னு சொல்லி வைங்க. ஸ்டெப்னி 14 இன்ச்தானே? அதுக்கு எம்12 பழைய போல்ட் ஐந்தும் டிக்கியில் கிடக்கட்டும். அதை மாட்டணும்னா அடாப்டரைக் கழற்றித்தான் ஆகணும், அதுக்கான சாக்கெட்டையும் கூடவே போட்டு வைங்க.